இன்வாய்ஸுக்கான சட்டம் மனிதர்களுக்கு வந்தபோது

ஒரு வியாபாரி சுங்கத் துறையிடம் கொடுக்கும் காகிதங்களைப் படித்துவிட்டால் அவருடைய தொழில் முழுவதும் நம் கைக்கு வந்துவிடும். சரக்கை யாரிடம் வாங்குகிறார், கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறார், எத்தனை கண்டெய்னர் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதெல்லாம் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்திலும் அதோடு சேர்க்கும் இன்வாய்ஸ் என்ற விலைப்பட்டியலிலும் இருக்கும். சென்னை ராஜாஜி சாலையில் சுங்க இல்லத்தை நம்பி நடக்கும், வியாபாரிகளுக்காகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான். அங்கே ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் கணக்கு வழக்குக்கு முன்பே அவனுக்குச் சொல்லித் தருவது, ஒரு பார்ட்டியின் ஃபைல் இன்னொரு பார்ட்டியின் கண்ணில் படக்கூடாது என்பதுதான். அந்த ஒழுக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

இந்தியச் சட்டமும் அதை மதிக்கிறது. இறக்குமதி, ஏற்றுமதி விவரங்களைத் திரட்டி விற்பது பெரிய வியாபாரமாக வளர்ந்த பிறகு, 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு வியாபாரி சுங்கத் துறைக்குக் கொடுத்த விலை, அளவு போன்ற விவரங்களைச் சட்ட அனுமதியின்றி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பத்திரிகையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதனால் சங்கடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொதுநலனுக்கான வெளியீட்டுக்குத் தெளிவான விலக்கு தந்திருக்க வேண்டும். ஆனாலும் அடிப்படை நியாயமானது. அந்த விலை அந்த வியாபாரியுடையது. அரசிடம் அவர் அதை ஒப்படைத்தது வரி கணக்கிடுவதற்காக மட்டும்.

நான் எழுத வந்தது இந்தியாவைப் பற்றி அல்ல. இதே நியாயத்தில் பிறந்த ஒரு விதி, ஆஸ்திரேலியாவில் சரக்கிலிருந்து மனிதர்களுக்கு மாற்றப்பட்டபோது என்ன ஆனது என்பதைப் பற்றி. அந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1985ஆம் ஆண்டு சுங்க நிர்வாகச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் 16ஆம் பிரிவு, சுங்கப் பணியில் இருப்பவர் தனக்குத் தெரியவந்த தகவலை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று வரையறுத்தது. 2015 ஜூலை 1 அன்று அங்கே சுங்கத் துறை என்ற தனி அமைப்பே இல்லாமல் போனது. அதைக் குடிவரவுத் துறையோடு இணைத்து, களத்தில் நிற்கும் பிரிவுக்கு எல்லைப் படை என்று பெயர் வைத்தார்கள். அதற்காக இயற்றப்பட்ட 2015ஆம் ஆண்டு எல்லைப் படைச் சட்டத்தின் ஆறாம் பகுதிக்குள் பழைய ரகசியக் காப்பு விதி குடிபுகுந்தது.

விதி இடம் மாறியபோது அதன் கீழ் வருபவர்களும் மாறிவிட்டார்கள். குடிவரவுத் துறையின் கையில் பசிபிக் தீவு நாடான நவுருவிலும் பாப்புவா நியூ கினியின் மனுஸ் தீவிலும் தடுப்பு முகாம்கள் இருந்தன. படகில் வந்து தஞ்சம் கேட்டவர்களை அங்கேதான் அடைத்திருந்தார்கள். அந்த முகாம்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனங்கள் அனுப்பிய மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். புதிய சட்டம் ஒப்பந்தப் பணியாளர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சுங்க மதிப்பீட்டாளருக்காக எழுதப்பட்ட கட்டுப்பாடு இப்போது குழந்தை மருத்துவருக்கும் பொருந்தியது.

சட்டத்தின் 42ஆம் பிரிவைப் பலமுறை படித்திருக்கிறேன். துறையின் பணியை ஏற்றுப் பொறுப்பில் இருப்பவர், அல்லது முன்பு இருந்தவர், பாதுகாக்கப்பட்ட தகவலைப் பதிவு செய்தாலோ வெளியிட்டாலோ இரண்டு ஆண்டு வரை சிறை. வெளியிடுவது மட்டுமல்ல, அனுமதிக்கப்பட்ட காரணமின்றிக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வதும் குற்றம். எது பாதுகாக்கப்பட்ட தகவல்? அந்தப் பொறுப்பில் இருந்தபோது அவருக்குக் கிடைத்த தகவல் எதுவும். அவ்வளவுதான் முதலில் இருந்த வரையறை. அது வெளிவந்தால் யாருக்கு என்ன தீங்கு என்ற கேள்வியே அதில் இல்லை. முகாமில் குடிநீர் போதவில்லை என்பதும், கடத்தல் கும்பலைப் பற்றி ஒருவர் ரகசியமாகக் கொடுத்த துப்பும், ஒரு சிறுமி தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள் என்பதும் அந்த வரையறையில் ஒரே தட்டில் இருந்தன.

விலக்குகள் இருந்தன. நீதிமன்றம் கேட்டால் சொல்லலாம். தகவலுக்கு உரியவர் சம்மதித்தால் அவரைப் பற்றிய விவரத்தைச் சொல்லலாம். ஒருவரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்து, அதைத் தடுக்கவோ குறைக்கவோ தேவையென்று நியாயமாக நம்பினால் 48ஆம் பிரிவின் கீழ் சொல்லலாம். அரசும் இந்த விலக்குகளைக் காட்டித்தான், மருத்துவர்கள் வாயை நாங்கள் கட்டவில்லை என்றது. பொதுநலனுக்காகத் தகவல் வெளியிடுவோரைக் காக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறதே என்றும் சொன்னது.

ஆனால் ஒரு மருத்துவர் அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இன்று இரவு இந்த நோயாளி இறந்துவிடுவார் என்றால் 48ஆம் பிரிவு உதவும். இங்கே ஒரு வருடம் இருந்தால் எந்தக் குழந்தையின் மனமும் சிதைந்துவிடும் என்று பத்திரிகையில் எழுதுவதற்கு அது உதவுமா? நேற்று நடந்துமுடிந்த ஒரு கொடுமையைச் சொல்வதற்கு உதவுமா? நடப்பது தவறு என்று தெரிந்தும், தன் பேச்சுக்கு விலக்கு உண்டு என்று நீதிமன்றத்தில் போய் நிரூபிக்கும் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக் கடனும் மருத்துவப் பதிவும் உள்ள எத்தனை பேர் பேசுவார்கள்? யாரையும் சிறையில் போடாமலேயே இப்படிப்பட்ட சட்டம் தன் வேலையைச் செய்துவிடும். 42ஆம் பிரிவின் கீழ் ஒரு மருத்துவரும் தண்டிக்கப்படவில்லை என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் முகாம்களைப் பற்றிப் பேசிய ஒரு மனநல மருத்துவரின் தொலைபேசிப் பதிவுகளைப் போலீஸ் எடுத்துப் பார்த்திருந்தது 2016இல் வெளிவந்தது. அடுத்தவர் பேசாமல் இருக்க அது ஒன்றே போதும்.

மருத்துவர்கள் பேசவேண்டியதன் அவசரத்தை ஒரு மரணம் காட்டுகிறது. மனுஸ் தீவில் இருந்த 24 வயது ஈரானிய இளைஞர் ஒருவருக்குக் காலில் கிருமித் தொற்று. முகாம் மருத்துவமனையால் சமாளிக்க முடியவில்லை. அவரை வெளியே அனுப்புவது தாமதமானது. போர்ட் மோர்ஸ்பி வழியாக பிரிஸ்பேன் கொண்டுவரப்பட்டவர் 2014 செப்டம்பரில் இறந்தார். அது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று குயின்ஸ்லாந்து மரண விசாரணை அதிகாரி 2018இல் தீர்ப்பளித்தார். ஒரு மருந்து, ஒரு விமானம், ஒரு கையெழுத்து தொடர்பான சாதாரணத் தாமதங்கள் அவரைக் கொன்றன. இத்தகைய தாமதங்களை உள்ளே இருப்பவர் சொன்னால்தான் வெளியே தெரியும்.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே, முகாம்களில் பணிபுரிந்த 40க்கும் மேற்பட்டவர்கள் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாங்கள் கண்டதைத் தொடர்ந்து பேசுவோம், முடிந்தால் வழக்குப் போடுங்கள் என்பதே அதன் சாரம். பெயரோடு கையெழுத்திட்டிருந்தார்கள். இந்த மனிதர்கள்மீது எனக்கு இருக்கும் மரியாதை பெரிது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐ.நா.வின் புலம்பெயர்ந்தோர் உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் பிரான்சுவா கிரெப்போ தன் ஆஸ்திரேலியப் பயணத்தைத் தள்ளிவைத்தார். தன்னிடம் பேசுபவர்மீது இந்தச் சட்டம் பாயாது என்று எழுத்தில் உறுதி கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு ஜனநாயக நாட்டைப் பற்றிய செய்தியாக இதைப் படித்தபோது மனம் மிகவும் கனத்தது.

இவ்வளவு கண்டிப்பாகத் தகவலைப் பூட்டிய அதே துறை, இந்தச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன் என்ன செய்திருந்தது தெரியுமா? 2014 பிப்ரவரியில் தடுப்பு முகாம்களின் புள்ளிவிவர அறிக்கை ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. எத்தனை பேர், எந்த முகாம் என்ற சாதாரண அட்டவணைகள். அந்தக் கோப்புக்குள்ளேயே, அட்டவணைகளுக்கு அடிப்படையான விரிதாளும் பொதிந்து கிடந்தது. சுமார் 9,250 பேரின் முழுப் பெயர், பிறந்த தேதி, நாடு, வந்த விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு செய்தி நிறுவனம் கண்டுபிடித்துச் சொல்லும் வரை எட்டு நாளுக்கும் மேலாக அது உலகமே பார்க்கக் கிடந்தது. 104 இணைய முகவரிகளிலிருந்து 123 முறை அதைத் திறந்திருக்கிறார்கள் என்று பின்னர் தணிக்கையில் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஈழத் தமிழர்களும் இருந்தார்கள். தஞ்சம் கேட்டு ஓடிவந்தவரின் பெயர், அவர் எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அந்த அரசின் கைக்கே போய்ச் சேரக்கூடும் என்றால் அதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் தாயும் தம்பியும் இருக்கிறார்கள். நாளை திருப்பி அனுப்பப்பட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விசாரணை அறை இருக்கிறது. வியாபாரியின் விலை கசிந்தால் அவருக்குப் பணம் நட்டம். இங்கே கசிந்ததன் விலை வேறு.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். தணிக்கை அறிக்கையை முழுமையாகக் காட்டுங்கள், யார் திறந்து பார்த்தார்கள் என்று தெரிந்தால்தானே எங்கள் ஆபத்தைச் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். சுருக்கப்பட்ட வடிவம் மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. கீழ் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தாலும், அந்த நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றது. சொந்த நாட்டு அரசே தகவலைப் பார்த்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் நிலையையும் பரிசீலிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு இருந்ததால், முழு அறிக்கை தராதது அநீதி ஆகாது என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்டக் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தன் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை கூட ஒருவருக்கு இல்லை என்று முடிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தகவல் ஆணையர், முறையீட்டில் தங்கள் பாதிப்பை எடுத்துரைத்த 1,297 பேருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று உத்தரவிட்டார். 500 டாலரில் தொடங்கி, மிகக் கடுமையான பாதிப்புக்கு 20,000 டாலருக்கு மேலும் போகலாம் என்று படிநிலை வகுத்தார். கசிவு நடந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே 2014இல் இன்னொன்றும் நடந்தது, புதுச்சேரியிலிருந்து தொடங்கியது. இந்தியக் கொடியுள்ள ஒரு படகில் 157 பேர் புறப்பட்டார்கள். பெரும்பாலும் ஈழத் தமிழர்கள், குழந்தைகளோடு. ஜூன் 29 அன்று, இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அவர்களை மறித்தது. சுங்கத் துறையின் ஓஷன் புரொடெக்டர் என்ற கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய நான்கு வாரம் கடலிலேயே வைத்திருந்தார்கள். எல்லை ரோந்துக்கான கப்பல்தான் அது. அவர்களைக் கொண்டுபோய் இந்தியாவில் விடுவது என்று ஜூலை 1 அன்று அமைச்சரவையின் தேசியப் பாதுகாப்புக் குழு முடிவெடுத்திருந்தது. இது எதுவும் அப்போது வெளியே தெரியாது. கடலில் நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசனின் ஒரே பதில். வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தில் அவசர மனு போட்ட பிறகுதான், ஆம், அப்படி ஒரு கூட்டம் எங்களிடம் இருக்கிறது என்று அரசு வாய் திறந்தது.

அந்த வாரங்களில் தமிழ்நாட்டு முகாம்களிலும் வெளிநாட்டுத் தமிழ் வீடுகளிலும் உறவினர்கள் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். படகு மூழ்கிவிட்டதா, பிடிபட்டார்களா என்று தெரியாத நாட்கள். ரகசியத்துக்குக் காரணமாக அரசு சொன்னது ஆள்கடத்தல்காரர்களுக்குத் துப்புக் கிடைக்கக்கூடாது என்பது. கப்பல்களின் நிலை, ரோந்துப் பாதை இவற்றுக்கு அது பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. பிடித்துவைத்திருக்கும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வதால் எந்தக் கடத்தல்காரர் என்ன லாபம் அடைந்திருப்பார்? கடைசியில் இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க அவர்கள் மறுத்ததும், இரவோடு இரவாக நவுருவுக்கு அனுப்பப்பட்டார்கள். கடலில் வைத்திருந்தது சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற வித்தியாசத்தில் சொன்னது. அந்த மூன்று நீதிபதிகளின் மாறுபட்ட கருத்து எனக்குப் பெரிய ஆறுதல்.

மறித்த படகுகளில் இன்னொன்றில் 41 பேர் இருந்தார்கள். நான்கு பேர் தமிழர், மற்றவர்கள் சிங்களவர். கடலிலேயே காணொலி வழியாகச் சில கேள்விகள் கேட்டு, ஜூலை 6 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். இதையும் தகவல் பகிர்வு என்றே நான் பார்க்கிறேன். தஞ்சம் கேட்டவர் யார் என்பதை, அவர் யாரிடமிருந்து ஓடினாரோ அவரிடமே தெரிவிப்பதுதான் உலகின் மிக ஆபத்தான பகிர்வு.

நாடுகளுக்கு இடையே சுங்கத் தகவல் பகிர்வு நடக்காமல் முடியாது. போலி இன்வாய்ஸ், போதைப்பொருள், தங்கம், அரிய உயிரினங்கள் எதையும் ஒரு நாடு தனியே நின்று பிடிக்க இயலாது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 12ஆம் பிரிவில் இதற்கு நல்ல முறை வகுத்திருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் இறக்குமதி ஆவணத்தைச் சரிபார்க்கக் கேட்கலாம். வாங்கியவர், கொடுத்த நாட்டின் சட்டத்தில் உள்ள அளவுக்காவது ரகசியம் காக்க வேண்டும். கேட்ட காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது. இந்தியாவும் 2018இல் சுங்கச் சட்டத்தில் 151பி பிரிவைச் சேர்த்து இத்தகைய உடன்பாடுகளுக்கு வழி செய்தது. ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு இத்தனை காவல். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. செருப்பு விற்பவருக்குக் கிடைக்கும் இந்தக் காவல் படகில் வந்த பெண்ணுக்கும் கிடைக்கவேண்டும் என்பது மட்டுமே என் ஆசை.

ஆஸ்திரேலியச் சட்டம் அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜூலையில் அகதிகளுக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அரசியல் விஷயங்களில் பேசும் சுதந்திரம் அந்நாட்டு அரசமைப்பில் உள்ளார்ந்து இருக்கிறது, அதை இந்தச் சட்டம் மீறுகிறது என்பது வாதம். ஆகஸ்டில் நவுரு முகாமின் 2,000க்கும் மேற்பட்ட சம்பவ அறிக்கைகள் பத்திரிகையில் வெளியாகி உலகை உலுக்கின. செப்டம்பர் 30 அன்று துறைச் செயலாளர் ஓசைப்படாமல் ஓர் உத்தரவைத் திருத்தி, மருத்துவத் தொழிலில் இருப்பவர்களை ரகசிய விதியிலிருந்து விலக்கினார். ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் அப்போதும் உள்ளேதான் இருந்தார்கள்.

2017இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. இனி எல்லாத் தகவலும் ரகசியம் அல்ல. நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு, குற்ற விசாரணை, ஒருவரின் உயிர் அல்லது நலம், நம்பிக்கையில் ஒப்படைத்த செய்தி, ஒரு வியாபாரியின் போட்டி நலன் என, வெளிவந்தால் குறிப்பிட்ட தீங்கு விளையும் வகைகளுக்கே குற்றம். அதையும் 2015 ஜூலை 1 முதலே அப்படி இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று முன்தேதியிட்டார்கள். தீங்கு என்ன என்று கேட்காமல் தகவலைப் பூட்டக்கூடாது என்ற எளிய உண்மைக்கு வந்துசேர இரண்டு ஆண்டும், வேலையைப் பணயம் வைத்த பல மனிதர்களும் தேவைப்பட்டார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் இந்தியச் சுங்கத் துறை பயணிகள் தகவல் விதிகளை அறிவித்தது. வெளிநாட்டுக்குப் போகும், அங்கிருந்து வரும் ஒவ்வொரு பயணியின் டிக்கெட் விவரம், பணம் செலுத்திய முறை, பயணப் பாதை, உடைமை விவரம் ஆகியவற்றை விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே விமான நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். அவற்றை ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். மற்ற அமைப்புகளோடும் வெளிநாடுகளோடும் பகிரவும் இடம் உண்டு. திருச்சியிலிருந்து கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போகிற நம் வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் இந்தப் பதிவேட்டுக்கு உரியவர்கள். தங்கக் கடத்தலைப் பிடிக்க இது பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னையிலும் திருச்சியிலும் நடக்கும் கடத்தலின் அளவு தெரிந்தவன் நான்.

கேட்க வேண்டியது வேறு. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது என்கிறது. பயணிகள் பதிவேட்டை வைத்திருக்கும் சுங்க மையத்தை அந்த அறிவிக்கையில் சேர்த்தால், நாளை அது கசிந்தாலும் திருச்சிப் பயணிக்குத் தெரிவிக்க இந்தச் சட்டப்படி யாருக்கும் கடமை இருக்காது. ஆகவே அந்த மையத்தைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தே ஆகவேண்டும் என்றால், கசிவைத் தெரிவிக்கும் கடமையை மட்டுமாவது விலக்கிலிருந்து வெளியே வைக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும் என்று என் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.